ஒரு படி வேறு ஊரில் இருக்கட்டும்



கும்பகோணத்துக்கு வடகிழக்கே, காவிரியின் வடகரையில் திருக்கோடிகாவல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் அந்த ஊர்ச் சிவன் கோயிலைக் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டினார். கோயிலுக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு, பல்லவர் காலம் தொட்டு, அங்கே இருந்த பழைய கற்களில் வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதுச் சுவரை எழுப்பியிருக்கலாம். அம்மையார் அப்படி விடவில்லை. பழைய எழுத்துகளைப் படியெடுத்து, இது பழங்கல்லின் படி என்ற குறிப்போடு, புதுச் சுவரில் மறுபடியும் வெட்ட வைத்தார். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் படிப்பது அந்தப் படிகளைத்தான்.

நம் வீடுகளில் கணினியிலும் கைப்பேசியிலும் சேர்ந்து கிடப்பவற்றுக்கு இப்படி ஒரு படி எடுத்து வைப்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பேக்கப் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான்.

அப்படி என்ன பெரிதாகச் சேர்ந்துவிட்டது என்று கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். பெண்ணின் கல்யாணப் படங்கள் கணினியில் இருக்கின்றன. பேரன் முதலில் நடந்த காணொளி மருமகளின் கைப்பேசியில் இருக்கிறது. நடவு நேரத்தில் பாட்டி பாடியதை யாரோ ஒரு பிள்ளை பதிவு செய்து வைத்திருக்கும். பாட்டி இன்று இல்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆன உழவுக்கூலி, உரக்கணக்கு, கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக் கணக்கு எல்லாம் எக்செல் தாளில் ஏறிவிட்டன. அப்பாவுடைய மருத்துவ அறிக்கைகள், பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஸ்கேன், குலதெய்வக் கோயில் வரவு செலவு. முன்பு பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் இருந்த குடும்பம் இன்று உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டுக்குள் இருக்கிறது. பல வீடுகளில் அந்தத் தகடு ஒன்றே ஒன்றுதான்.

ஒன்றே ஒன்றாக இருந்தது என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ் இலக்கியமே சாட்சி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில்தான் ஏடு தேடத் தொடங்கினார். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. ஒரு நூலைப் பதிப்பிக்க ஓர் ஏடு அவருக்குப் போதவில்லை. ஊர் ஊராகப் போய் ஒரே நூலுக்குப் பல படிகளைச் சேர்த்தார். ஓர் ஏட்டில் செல் அரித்த இடத்தில் இன்னோர் ஏடு எழுத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. இரண்டும் சிதைந்த இடத்தில் அவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு பார்க்கலாம் என்று ஆவலோடு போனபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை ஓமத் தீயில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் மனம் நொந்து திரும்பியிருக்கிறார்.

முத்தொள்ளாயிரம் என்ற நூலுக்கு நேர்ந்தது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. பெயரே தொள்ளாயிரம் என்கிறது. நமக்குக் கிடைப்பவை நூற்றுச் சொச்சம் பாடல்கள்தான். அவையும் மூல நூலிலிருந்து வந்தவை அல்ல. பெயர் தெரியாத ஒருவர், தமக்குப் பிடித்த பாடல்களைப் பல நூல்களிலிருந்தும் பொறுக்கிப் புறத்திரட்டு என்று ஒரு தொகுப்பு செய்தார். அதில் அவர் எழுதி வைத்தவைதான் பெரும்பாலும் தப்பின. குண்டலகேசியிலும் வளையாபதியிலும் எஞ்சியிருக்கிற சில பாடல்களும் இப்படி வேறு யாரோ எடுத்து வைத்த படியில் தங்கியவைதாம். சொந்த வீட்டில் அழிந்தது, அடுத்த வீட்டில் பிழைத்திருக்கிறது.

சரி, பனையோலையைச் செல் அரிக்கும். கணினியை எது அரிக்கும்?

ஹார்டு டிஸ்க் என்பதற்குள்ளே வட்டமான தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுழல்கிறது. அதைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கு இடைவெளியில் ஒரு முனை பறந்தபடியே படிக்கிறது. மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும். விழாவிட்டாலும் சில ஆண்டுகளில் தேய்ந்து நிற்கும். எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய கணினிகளில் வருகிற எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது, அடி தாங்கும். ஆனால் அது நிற்கும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. பென்டிரைவையும் மெமரி கார்டையும் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் போட்டு வைத்தால் உள்ளிருப்பது மெல்ல மெல்ல மங்கிப்போகலாம். அவை எடுத்துப்போக வசதியானவை, சேமித்து வைக்க ஏற்றவை அல்ல.

நம் காவிரி டெல்டாப் பக்கத்துக்கென்று சில தொல்லைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தில் சுவரே ஓதம் கண்டு நிற்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்யாணத்துக்கு எடுத்த சிடிக்களை இன்று வெளியே எடுத்துப் பாருங்கள். பலவற்றில் பூஞ்சை பூத்திருக்கும். பூக்காமல் இருந்தாலும், அதைப் போட்டுப் பார்க்கிற வாய் இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இல்லை. கோடை இடியும் மழைக்கால இடியும் மின்கம்பி வழியாகவும் இணையக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் வரும். பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுகிற கிராமங்களில் வோல்டேஜ் ஏறி இறங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைக்கிற பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் வீட்டில் ஆள் இல்லாத நாளில் இடி விழுந்தால் யார் பிடுங்குவது?

இயற்கையை விடுங்கள். கைதவறி அழிப்பதுதான் பெரிய ஆபத்து. இடம் இல்லை என்று கைப்பேசி சொல்லும். பிள்ளைகள் எதையோ அழிப்பார்கள். அதோடு இன்னொன்றும் போய்விடும். அதற்கு மேல், நம் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கிற நாசவேலை மென்பொருள்கள் இருக்கின்றன. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ஒன்று சில நாட்களில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. கணினியோடு எப்போதும் செருகியே இருக்கிற ஹார்டு டிஸ்க்கையும் இத்தகைய மென்பொருள் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே படியெடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

கஜா புயலை நம்மால் மறக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னைகள் எப்படிக் கிடந்தன என்று பார்த்தோம். ஓடு பறந்த வீட்டில் பீரோவுக்குள்ளும் தண்ணீர் இறங்கியது. கணினியை மேசையிலும் அதன் படியை அதே மேசை இழுப்பறையிலும் வைத்திருந்தால், இரண்டும் ஒரே மழையில் நனைந்திருக்கும். அதனால்தான் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இரண்டு படிகளை நான் இரண்டாகக் கணக்கிடுவதில்லை.

இன்னொன்றும் கஜாவில் தெரிந்தது. எல்லாம் இணையத்தில், கிளவுடில் இருக்கிறது, கவலை இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிக் கோபுரங்கள் செத்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத நாட்களில், அந்தப் படி பத்திரமாக இருந்தாலும் நம் கைக்கு எட்டாது. நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்து நிற்கும்போது கையில் காட்ட ஒன்று வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒன்று, தொலைவில் ஒன்று, இரண்டும் வேண்டும்.

கஜா அடித்த மூன்று வாரத்தில், 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, நெல் ஜெயராமன் காலமானார். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர். அவர் வைத்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பு. விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையைக் கோட்டை கட்டித் தன்னிடமே பூட்டி வைக்காமல் ஊர் ஊராகப் பரப்பிவிட்டார். ஒரு வயலை வெள்ளம் கொண்டுபோனாலும் மாப்பிள்ளைச் சம்பா இன்னொரு வயலில் நிற்கும். குடும்பப் படங்களுக்கும் இதே முறைதான் வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் இதைத் தொழில்முறையில் ஒரு கணக்காகச் சொன்னார். உலகம் முழுவதும் அதையே பின்பற்றுகிறார்கள். எந்தக் கோப்புக்கும் மூன்று படி இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டுக்கு இதைப் பொருத்துவது எளிது. கணினியில் இருப்பது முதல் படி. வெளியே செருகுகிற ஹார்டு டிஸ்க்கில் இரண்டாவது. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிற ஒரு டெராபைட் டிஸ்க், பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி என்றும் மேக்கில் டைம் மெஷின் என்றும் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை அமைத்துவிட்டால், டிஸ்க்கைச் செருகும்போதெல்லாம் புதிதாக வந்ததை மட்டும் அதுவே எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

மூன்றாவது படிக்கு நம் டெல்டா குடும்பங்களைப் போல வசதி வாய்த்தவர்கள் குறைவு. வீட்டுக்கு ஒருவராவது சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்து, தீபாவளிக்கு வந்த பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பொங்கலுக்கு வரும்போது அதைத் திரும்பக் கொண்டுவரட்டும். புதிதாகச் சேர்ந்ததை ஏற்றி மறுபடி அனுப்புங்கள். மாமன், சித்தப்பா வீட்டில் வைப்பதானால் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பது நல்லது. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். இணையச் சேமிப்பையும் மூன்றாவது படியாகக் கொள்ளலாம். இரண்டும் முடிந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் படியெடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். பட்டா, சிட்டா போனால் அரசின் இணையதளத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆதாரும் பல சான்றிதழ்களும் டிஜிலாக்கரில் இருக்கின்றன. சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது எது என்று பாருங்கள்: பாட்டியின் குரல், தாத்தா நின்ற பழைய வீட்டு வாசல், நீங்கள் எழுதிய கணக்கு, நீங்கள் எடுத்த படம். முதலில் அவற்றுக்குப் படி எடுங்கள். மற்றதற்குப் பிறகு இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இணையச் சேமிப்பில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. கைப்பேசிப் படங்கள் தாமாகவே கூகுள் போட்டோஸுக்குப் போகின்றன. அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால், கைப்பேசியிலும் போகும், இணையத்திலும் போகும். ஏற்றி வைத்த படமானால் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் அதோடு சரி. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அழியக்கூடியதைத் தனிப் படியென்று நம்ப முடியாது. கட்டணம் இல்லாமல் கிடைக்கிற இடம் 15 ஜிபிதான். 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. இடம் நிரம்பிய நாளிலிருந்து புதுப் படங்கள் போவது நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறோமே என்றால், வழக்கம்போல் அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. தெளிவு குறையாமல் போக வேண்டுமானால் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

படியெடுத்து வைத்தாயிற்று, அது திறக்கிறதா? இந்தக் கேள்வியைப் பெரிய நிறுவனங்களே கேட்காமல் விட்டிருக்கின்றன. 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் இருக்கிறதே என்று திறந்து பார்த்தால் அது சரியாக எடுக்கப்படவே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக, கேலின் சூஸ்மன் என்ற பெண் தம் வீட்டுக் கணினியில் ஒரு படி வைத்திருந்தார். அதைக் காரில் ஏற்றி வந்து படத்தைப் பிழைக்க வைத்தார்கள். படியே எடுக்காமல் விட்ட அரசும் உண்டு. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரத்தில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கோப்புகளுக்கு வேறெங்கும் படி இல்லை. அவ்வளவு பெரிய அளவுக்குத் தனியாகப் படியெடுக்க முடியவில்லை என்றார்கள்.

நமக்குச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல நாள் வாய்த்திருக்கிறது. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஏடுகளைத் தூசி தட்டி எடுத்து வைத்ததும் அந்த நாளில்தான். கணினிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, படியெடுத்த டிஸ்க்கையும் அதன் பக்கத்தில் வையுங்கள். மறுநாள் விஜயதசமியில் புத்தகம் பிரிக்கும்போது, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, காணொளி ஒன்று, கணக்கு ஒன்று திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அடைமழை தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். டிஸ்க் வாங்கி ஐந்தாறு ஆண்டு ஆகிவிட்டதென்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் புதியதற்கு மாற்றிவிடுங்கள். ஏடு நைந்துபோவதற்கு முன்பே அடுத்த ஏட்டில் எழுதியதால்தான் சங்க நூல்கள் நம் காலம் வரை வந்தன.

கோப்பு திறந்தாலும் அதைப் படிக்க முடியுமா என்பது வேறு விஷயம். தஞ்சை சரசுவதி மகாலில் மராட்டியர் காலத்து அலுவல் ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மோடி என்ற விரைவெழுத்தில் எழுதியவை. தாள் இருக்கிறது, மை இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டதால்தான், அந்த அரண்மனையின் அன்றாட வாழ்க்கை நமக்குக் கொஞ்சம் தெரிய வந்தது. நம் கணினியிலும் இதே கதை நடந்திருக்கிறது. யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. பாமினியில் அடித்ததை வானவில்லில் திறந்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1999-ல் டாம் (TAM), டாப் (TAB) என்று குறியீட்டுக்குத் தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் அடித்த கோயில் வரலாறு, குடும்ப வரலாறு, ஆய்வேடு உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு கிடைக்கிறபோதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியதை ஒருமுறை படித்துச் சரிபார்த்து, பிடிஎஃப் ஆகவும் ஒரு படி வையுங்கள். முடிந்தால் தாளிலும் ஒன்று அச்செடுங்கள். பழைய விஎச்எஸ் நாடாவும் ஆடியோ கேசட்டும் இருந்தால் அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். நாடாவும் நலிகிறது, ஓட்டுகிற கருவியும் அரிதாகிறது.

கடைசியாக ஒன்று; இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் கணக்கில் எல்லாப் படங்களும் இருக்கும். கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்று 2023-ல் விதி வந்திருக்கிறது. பயன்படுத்தாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யார் அந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே குறிப்பிட அவர்களே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். இன்றே அதில் மகன் பெயரையோ மகள் பெயரையோ போட்டு வையுங்கள். டிஸ்க்குக்குப் போட்ட கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள்.